நல்ல அவசரம்

தோல் பிரிவின் தலைவர் டாக்டர் ஜோஸ், தன்னிடம் வரும் நோயாளிகளை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். வைத்தியத்துக்கு உரியவர்கள் ஒரு வகை. மாநாட்டுக்கு உரியவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு மருந்து கிடைக்கும், மரியாதை கிடைக்காது. இரண்டாம் வகைக்கு மரியாதை கிடைக்கும். பள்ளிவாசல் என்ற மலையூரில் ஜீப் ஓட்டும் லோகேஷுக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் போன அன்றே நாற்காலி போட்டார்கள். அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை. நல்ல இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

அங்கே வந்து சேர்வதற்குள் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறத்தில் வட்ட வட்டமாகத் தடிப்பு. அரிப்பில்லை, வலியில்லை. தலைமுடி அங்கங்கே கொத்தாக உதிர்ந்து, எலி கடித்த கம்பளி போல ஆகிவிட்டது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார்கள். களிம்பு தீர்ந்தது, தடிப்பு தீரவில்லை. டவுன் மருந்துக்கடையில் தேயிலைத் தூசி அலர்ஜி என்றார்கள். நான் ஃபேக்டரியில் இல்லை, ஜீப் ஓட்டுகிறேன் என்று சொன்னதும், அப்படியானால் டீசல் அலர்ஜி என்று அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு முகாமில் குஷ்டமாக இருக்கலாம் என்று கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். குத்திய ஒவ்வொரு இடத்திலும் லோகேஷ் கத்தினான். உணர்ச்சி முழுசாக இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களுக்கு அவன்மேல் இருந்த அக்கறை போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவனை முதலில் பார்த்தவர் பிரதீப். மேல்படிப்புக்காக அங்கே வேலை பார்க்கும் இளம் டாக்டர். பாலக்காட்டுக் கிழக்கில் கோபாலபுரத்துக்காரர், கொங்குத் தமிழ். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க லோகேஷ், ஒளிக்காமச் சொல்லோணும். ஊட்டுக்காரியத் தவுர வேற எங்கயாச்சும் போனீங்களா?"

லோகேஷ் மின்விசிறியைப் பார்த்தான். மனைவி மோனிஷா உண்டாகியிருந்த புதிதில், கம்பம்மெட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டு, சவாரி என்று மலையிறங்கிப் போன இடத்தில் நடந்தது அது. அதை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுகூட இல்லை.

"ஒரே ஒரு தடவ சார்."

"ஒரு தடவயே போதுமுங்க. இது சிபிலிஸ். மேகநோய்ன்னு பெரியவிங்க சொல்லுவாங்களே, அது. ரத்தத்துல இருக்குது, தோல்ல தெரியுது. பயப்படாதீங்க, பழைய பென்சிலின் ஊசிதான், போட்டாச் சரியாப் போயிரும். ஊட்டுல எப்புடி, மாசமா இருக்காங்களா?"

"ஏழு மாசம்."

பிரதீப் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அவிங்களுக்கும் ஒடனே ரத்தம் பாத்து ஊசி போட்டுறோணும். இல்லீன்னா வகுத்துல இருக்கற கொழந்தைக்குப் போயிருமுங்க. பொறக்கறதுக்குள்ளயே தவறிப்போறதும் உண்டு. நாள் கடத்தாதீங்க."

பிரதீப் ஊசியை எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்து டாக்டர் ஜோஸ் உள்ளே வந்தார்.

வந்தவர் லோகேஷின் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தார். அங்கே கல்யாணமான புதிதில் சிவப்பு மையில் 'மோனிஷா' என்று பச்சை குத்தியிருந்தான். தடிப்பு அந்தப் பெயரைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி வரிசையாக நின்றது. எழுத்து ஒன்றின்மேல்கூட ஏறவில்லை. சிவப்பு மையில் ஏதோ ஒரு உலோகம் கலந்திருந்தால் இப்படி நடக்குமாம். பெண்டாட்டியின் பெயரைத் தொடக் கூசியது அந்த நோய். பெண்டாட்டியைத் தொட அதற்குக் கூச்சமில்லை என்பது புத்தகத்தில் வேறு பக்கத்தில் இருந்தது, அந்தப் பக்கத்தை டாக்டர் ஜோஸ் திருப்பவில்லை.

"பிரதீப்பே, ஆ இஞ்செக்ஷன் அவிடெ வெய்க்கூ," என்றார்.

ஊசி தட்டுக்குத் திரும்பியது. மாணவர்கள் அத்தனை பேரும் வரவழைக்கப்பட்டார்கள். லோகேஷ் நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். டாக்டர் ஜோஸ் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடிப்பாகச் சுட்டிக்காட்டினார். அவர் பாட்டனார் தென்னந்தோப்பைக் காட்டியபோது இவ்வளவு பெருமையாகக் காட்டியிருக்க மாட்டார். இந்த நோய் பெரிய வேஷக்காரன், சொறி மாதிரி வரும், குஷ்டம் மாதிரி வரும், படை மாதிரி வரும், பெயரைச் சுற்றி மாலை போட்டுக்கொண்டு வருவது அபூர்வத்திலும் அபூர்வம் என்றார். தோல் டாக்டர்களின் கூட்டமைப்பு மாநாடு வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் நடக்க இருந்தது. அதுவரைக்கும் தடிப்பு வாடக்கூடாது. ஊசி போட்டால் வாடிவிடும்.

லோகேஷ் எழுந்து நின்று கைகூப்பினான். "சார், வீட்டுல மாசமா இருக்கா சார். அவசரம் சார்."

டாக்டர் ஜோஸின் முகம் மலர்ந்தது. அவன் தோளைத் தட்டினார்.

"அதே, அதே. நல்ல அவசரமாணு. இங்ஙனெ ஒரு அவசரம் ஜீவிதத்தில் ஒரிக்கலே வரூ. களயருது."

தமிழில் அவசரம் என்றால் இப்போதே, இந்த நிமிஷமே என்று அர்த்தம். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வாழ்க்கையில் ஒரே தடவைதான் வரும், விட்டுவிடாதே என்றுதான் டாக்டர் சொன்னார். ஒரே சொல், மலைக்கு இந்தப்பக்கம் ஓடச் சொல்கிறது, அந்தப்பக்கம் ஓரமாக நிறுத்தி அனுபவிக்கச் சொல்கிறது. லோகேஷ் எஸ்டேட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். வளைவு, வாடகை, வியூ பாயிண்ட் என்று ஜீப்புக்கு வேண்டிய மலையாளம்தான் அவனுக்குத் தெரியும். பெரிய டாக்டரே அவசரம் என்று தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த வாய்ப்பை நோயாளியே புரிந்துகொண்டிருக்கிறான் என்று டாக்டருக்கும் நெஞ்சு நிறைந்தது.

இரண்டு மொழியும் ஒரே நாக்கில் ஊறி வளர்ந்த ஒருவர் அந்த அறையில் இருந்தார். பிரதீப்புக்கு என்ன நடக்கிறது என்று நன்றாகவே தெரிந்தது. வாயைத் திறந்தார். அவருடைய ஆய்வேட்டில் டாக்டர் ஜோஸ் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

மறுவாரம் லோகேஷ் மோனிஷாவை அழைத்துக்கொண்டு போனான். பிள்ளைக்கு நல்லதாம், ரத்தம் பார்க்கணுமாம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். அவளும் கேள்வி கேட்கவில்லை. அவன் கையில் இருப்பது அலர்ஜி என்று நம்பிக்கொண்டிருந்தாள், தினமும் அந்தக் கைக்கு வேப்பிலை அரைத்துப் போட்டுவிட்டாள்.

மகப்பேறு பிரிவில் இருந்த டாக்டர் அம்மா அவளுடைய பழைய சீட்டைப் பார்த்தார். மூன்றாம் மாதம் எடுத்த ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. "ஒரு பிரசவத்துக்கு ஒரு டெஸ்ட். இவங்க கிளியர். நோய் தோல் பிரிவோடது. அங்க போங்க."

தோல் பிரிவில் டாக்டர் ஜோஸ் பதறிப்போனார். மகப்பேறு பிரிவில் ரத்தம் கொடுத்துவிடவில்லையே என்று இரண்டு தடவை கேட்டார். அங்கே கொடுத்தால் அது அவர்களுடைய கட்டுரையாகிவிடும். கணவன் தோல் பிரிவின் நோயாளி, ஆகவே மனைவியின் ரத்தமும் தோல் பிரிவைச் சேர்ந்தது, அதை மாநாடு முடிந்தபிறகு அவரே நேரில் எடுப்பார்.

"இப்ப எடுத்தா என்ன சார்?" என்று லோகேஷ் கேட்டான்.

"இப்போள் எடுத்தால் ரிசல்ட் வரும்," என்றார் டாக்டர் ஜோஸ் பொறுமையாக. "ரிசல்ட் வந்தால் சிகிச்சை கொடுக்கணும். அவளுக்குக் கொடுத்தால் நினக்கும் கொடுக்கணும். பின்னெ மாநாட்டுக்கு எந்து செய்யும்?"

இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது. லோகேஷ் தானே ஊசியைத் தேடிப் போனான். அந்த ஊசி எஸ்டேட் டிஸ்பென்சரியில் இல்லை, டவுனில் இரண்டு கடையில் கேட்டான், சீட்டில்லாமல் தர மாட்டோம் என்றார்கள். பிரதீப்பிடம் சீட்டுக் கேட்டான். "நானு எழுதுனா ஐயாவுக்குத் தெரிஞ்சுரும்ங்க. மாநாட்டு ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க, ஒண்ணும் ஆகாதுங்க," என்றார். நாள் கடத்தாதீங்க என்று சொன்ன அதே வாய்தான்.

அதுமுதல் நர்ஸ் டின்சி ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்தார். லோகேஷ் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டதில்லை. தடிப்புக்குச் சுகமா என்றுதான் கேட்பார். வெயில் படுகிறதா, எண்ணெய் தேய்க்கிறாயா, சட்டை உரசுகிறதா. ஒருநாள் லோகேஷ் வெள்ளந்தியாக, கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு சிஸ்டர் என்று சொல்லிவிட்டான்.

"ஈசோயே, குறஞ்ஞோ?" என்று டின்சி அலறியதில் டாக்டர் ஜோஸே போனை வாங்கிவிட்டார். என்ன சாப்பிட்டாய், யார் என்ன பூசினார்கள் என்று விசாரித்தார். வேப்பிலை என்று தெரிந்ததும் மோனிஷாவைக் கூப்பிடச் சொன்னார். கணவன் உடம்பைக் கெடுக்காதே, நல்லது செய்வதாக நினைத்து வைத்தியத்தில் தலையிடக் கூடாது என்று அவளுக்குப் புத்தி சொன்னார். அன்றோடு அவள் வேப்பிலை அரைப்பதை நிறுத்தினாள்.

மாநாடு நடந்த இடம் பள்ளிவாசலிலேயே ஒரு ரிசார்ட். ஜன்னலைத் திறந்தால் மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரியும். மேலே கண்ணை உயர்த்தினால் லோகேஷ் குடியிருக்கும் லயம், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தெரியும். மருத்துவத்துக்காக மலையிறங்கிப் போனவனை, மாநாட்டுக்காக மலையேறி வந்து பார்த்தார்கள். சன்ஸ்கிரீன் கம்பெனி வாசலில் தோரணம் கட்டியிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

காலை நிகழ்ச்சி, நோயைக் கண்டுபிடிக்கும் போட்டி. ஒரு நீள அறையில் திரை கட்டி, திரைக்குப் பின்னால் ஒரு நோயாளி, தலைக்குமேல் ஒரு நம்பர். வந்திருக்கும் டாக்டர்கள் ஒவ்வொரு திரையாக விலக்கிப் பார்த்து, என்ன நோய் என்று துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். லோகேஷுக்கு ஏழாம் நம்பர். போட்டி தொடங்கும் முன் டாக்டர் ஜோஸ் நோயாளிகளைக் கூட்டிவைத்து ஒரு சிறு உரை நிகழ்த்தினார்.

நோயாளியின் ரகசியம் புனிதமானது என்றார். அதைக் காப்பது டாக்டர்களின் கடமை மட்டுமல்ல, நோயாளியின் கடமையும்தான். ஆகவே உங்களுக்கு என்ன நோய் என்பதை யாரிடமும் சொல்லக்கூடாது. முக்கியமாக டாக்டர்களிடம் சொல்லக்கூடாது. பிறகு, அந்தரங்கத்தைப் பாதுகாப்பதற்காக எல்லோருடைய போனையும் டின்சி ஒரு கூடையில் வாங்கிக்கொண்டார்.

திரை விலகிக்கொண்டே இருந்தது. சோரியாசிஸ் என்றார்கள். காசநோய் தோலில் வந்திருக்கிறது என்றார்கள். ஒருவர் கைவிளக்கு அடித்துப் பார்த்து, பச்சை குத்திய மையினால் வந்த அலர்ஜி என்று எழுதி, தன் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். வயதான ஒரு லேடி டாக்டர் மட்டும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு லோகேஷின் முகத்தைப் பார்த்தார்.

"கல்யாணம் கழிஞ்ஞதாணோ?"

லோகேஷ் வாயைத் திறந்தான். "ஆமா மேடம். வீட்டுல இப்ப..."

"மேடம், அது க்ளூ," என்று டின்சி குறுக்கே வந்தார். "ரூல் இல்லா. சொறியுமோன்னு மாத்ரம் சோதிக்காம்."

அரிப்பு உண்டா என்று மட்டும்தான் கேட்கலாமாம். "சொறியுமோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சொறியாது," என்றான் லோகேஷ். அவர் எதையோ எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு எட்டாம் நம்பருக்குப் போனார்.

மத்தியானத்துக்கு முன் பெரிய ஹாலில் திரைப்படம் போலப் படம் காட்டி டாக்டர் ஜோஸ் பேசினார். லோகேஷ் பின்வரிசையில் உட்காரவைக்கப்பட்டான். அவன் நெஞ்சு சுவரளவுக்கு விரிந்தது. அடையாளம் தெரியக்கூடாது என்று கண்ணுக்குமேல் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். நெஞ்சில் 'மோனிஷா' ஆளுயரத்துக்கு நின்றது. சாப்பாட்டுப் பாத்திரம் தூக்கிக்கொண்டு வந்த ரிசார்ட் பையன்கள் நின்றுவிட்டார்கள். மேல் லயத்து ஆட்கள்தான். அந்த லயத்தில் ஒரே ஒரு மோனிஷாதான் உண்டு.

"முன்னொரு காலத்தில் இந்த நோய் நம் வார்டுகளை நிறைத்திருந்தது," என்று டாக்டர் ஜோஸ் மலையாளத்தில் தழுதழுத்தார். "பென்சிலின் வந்தது. எல்லாம் போயிற்று. ஒரு தலைமுறை மாணவர்கள் இதைப் பார்க்காமலே டாக்டராகிவிட்டார்கள். அவர்களை நினைத்து நான் உறங்காமல் கிடந்ததுண்டு. மருந்து எப்போதும் இருக்கிறது, மருந்து எங்கும் ஓடிவிடாது. நோய்தான் ஓடிவிடுகிறது. வந்திருக்கும் நோயைத் துரத்தாமல் காத்து நிற்க ஒரு ஆசிரியனுக்குப் பெரிய மனம் வேண்டும். நமக்கு இப்படி ஒரு அவசரம் தந்த ஏழாம் நம்பருக்கு நன்றி."

கைதட்டினார்கள். லோகேஷுக்குக் காதில் ஏதோ தட்டுப்பட்டது. அவசரத்துக்கு யாராவது நன்றி சொல்வார்களா? பக்கத்தில் நின்ற பிரதீப்பின் கையைப் பிடித்தான்.

"சார், அவசரம்னா இவுக மொழியில என்னா சார்?"

"சான்ஸுன்னு அர்த்தமுங்க," என்றார் பிரதீப், தரையைப் பார்த்துக்கொண்டு.

அத்தனை நாளும் தான் கைகூப்பிக் கேட்டது என்ன, அவர் காதில் விழுந்தது என்ன என்று லோகேஷுக்கு அப்போது விளங்கியது. மேடைக்கே போய் நின்றான். இப்போதாவது ஊசி போடுங்கள் என்றான். டாக்டர் ஜோஸ் அவனைக் கட்டிப்பிடித்து, தன் பேச்சுக்குக் கிடைத்த முதல் பரிசுக் கோப்பையோடு பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். இன்று ஞாயிற்றுக்கிழமை, மருந்து அறை பூட்டியிருக்கும், நாளைக்குக் கீழே வா, ராஜ மரியாதையோடு போடுகிறேன் என்றார்.

கூடையிலிருந்து போனை எடுத்தபோது மோனிஷா பலமுறை கூப்பிட்டிருந்தாள். லயத்துக்கு ஓடினான். அவள் சுவரில் சாய்ந்து வயிற்றின்மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா குருவம்மாள்.

"காலையில இருந்து அசையவே மாட்டேங்குது," என்றாள் மோனிஷா. "சர்க்கரத் தண்ணி குடிச்சும் பாத்துட்டேன்."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஸ்டாண்டில் ஒரு ஜீப் இல்லை. மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட எல்லா ஜீப்பையும் பேசி எடுத்திருந்தார்கள். லோகேஷ் ஓட்டும் ஜீப்பும் அதில் போயிருந்தது. கூட ஓட்டும் ஷைஜு வியூ பாயிண்டிலிருந்து நாலு டாக்டர்களை ஏற்றிக்கொண்டு திரும்பியவன், விஷயம் கேட்டதும் அவர்களை வழியிலேயே இறங்கச் சொன்னான். நாங்கள் டாக்டர்கள், இப்படி நடுவழியில் இறக்கிவிடலாமா என்று அவர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றின்மேல் கருவியை வைத்துப் பார்த்த டாக்டர் அம்மா வெகுநேரம் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு துடைத்து எடுத்துவிட்டார். அதற்கப்புறம் எல்லாமே மளமளவென்று நடந்தது. ரத்தம் எடுத்தார்கள். பூட்டியிருந்த மருந்து அறை திறந்தது. மோனிஷாவுக்கு ஊசி போட்டார்கள், லோகேஷுக்கும் போட்டார்கள். ரத்தத்தை எடுத்தது மகப்பேறு பிரிவு என்று தெரிந்ததும் டாக்டர் ஜோஸ் போனில் பெரிய சண்டை போட்டதாக வார்டில் பேசிக்கொண்டார்கள்.

ஊசி எதற்கு என்று மோனிஷா கேட்டாள். புருஷனிடம் கேளுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அவன் சொன்னான். மறைக்காமல் சொன்னான், மலையிறங்கிப் போனது, மாநாடு, திரை, ஏழாம் நம்பர் எல்லாம். அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் சட்டையக் கழட்டிக் காமிச்சிருக்கீங்க," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்கயாவது போயி அந்த ஊசியப் போட்டுருப்பேன்."

பிள்ளை பெண். மறுநாள் செத்துத்தான் பிறந்தது. மோனிஷா வார்டிலேயே இருந்தாள். லோகேஷும் குருவம்மாளும் ஷைஜுவும் பிள்ளையைத் துணியில் சுற்றி ஜீப்பில் மேலே கொண்டுவந்தார்கள். எஸ்டேட் சுடுகாட்டில், மழையில் ஊறிய மண்ணை ஷைஜு வெட்டினான். லயத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். லோகேஷின் கையைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. குழிக்குள் இறக்கப்போகும் நேரம் போன் அடித்தது.

"ஏனுங்க லோகேஷ்," என்றார் பிரதீப். "கேள்விப்பட்டனுங்க. மனசே செரியில்லீங்க. நானு அன்னைக்கே..." பக்கத்தில் யாரோ முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. "ஐயா பக்கத்துல இருக்காருங்க. கேக்கச் சொல்றாரு. தப்பா நெனைக்காதீங்க. கொழந்தைக்கு உள்ளங்கையில தோலு உரிஞ்சிருந்துதுங்களா? இன்னும் பொதைக்கலீன்னா ஒரே ஒரு போட்டோ..."

குருவம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். துணி விலகியிருந்தது. லோகேஷ் குனிந்து துணியை இழுத்து மூடினான்.

"கைய இறுக்கி மூடியிருக்கு சார்," என்றான். "நான் விரிக்க மாட்டேன்."